தரை போட மறந்த கேம்

ஓய்வு பெற்றபின் கம்ப்யூட்டர் கேம் எழுதக் கற்றவர்களில் உலகத்திலேயே பெரிய மேதை நான்தான். செத்தவர்களை கேமில் குடியேற்றுவது இப்போது வழக்கமாயிற்றே, போன வருஷம் செத்துப்போன என் மச்சினன் கோலப்பனைக் கூட்டிவந்தேன். அவனுக்காக மலை, அருவி, ஆயிரம் யானை எல்லாம் எழுதினேன். தரையை எழுத மறந்துவிட்டேன்.

அன்றுமுதல் விழுந்துகொண்டே இருக்கிறான்.

“அத்தான், தரை எங்க?” என்று ஸ்பீக்கரில் சிரிப்பான். “நீங்க கட்டுன வீடும் இப்படித்தானே ஒழுகிச்சு!”

நேற்று தரை போட உட்கார்ந்தேன்.

“வேண்டாம் அத்தான்! இந்த வேகத்துல நொறுங்கிருவேன்.” முதன்முறையாக அவன் சிரிக்கவில்லை.

வேகத்தைக் குறைக்கும் பாடம் இந்த மேதைக்கு இன்னும் வரவில்லை. தனியாக விழுகிறானே என்று, என்னையும் எழுதி அவன் பக்கத்தில் விழவிட்டேன்.

இப்போது நான் வாயைத் திறக்காதபோதும், என் குரல் அவனோடு சிரிப்பது வீடு முழுக்கக் கேட்கிறது.