சின்னவன் மலையேறிய கதை

சடகோபனின் பைக்குக்கு மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளப் பின்சக்கரங்கள் இரண்டு. மலையேறுவதற்குப் பல் அதிகமுள்ள பெரிய ஸ்ப்ராக்கெட், அதாவது செயின் ஓடும் பல்வட்டு, மாட்டிய சக்கரம் பெரியவன். சமவெளியில் பறப்பதற்குச் சின்ன ஸ்ப்ராக்கெட் மாட்டிய சக்கரம் சின்னவன்.

"பல்லு இருந்து என்ன பிரயோஜனம்? நீ ஆமைதாண்ணே!" என்று சின்னவன் ஓயாமல் சீண்டும்.

ஒருநாள் மலைமேல் கல்யாணம். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது. வேகமாய்ப் போய்விடலாமென்று சடகோபன் சின்னவனையே மாட்டிக்கொண்டு கிளம்பினார். அடிவாரம் வரை பறந்தது. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வண்டி திணறியது. சின்னவன் இருக்கிற பல்லையெல்லாம் கடித்துப் பார்த்தது. அடுத்த வளைவில் வண்டி நின்றேவிட்டது. சடகோபன் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டபம் வரை தள்ளினார்.

சாயங்காலம் ஷெட்டில் பெரியவன் கேட்டது: "மலை எப்படித் தம்பி?"

சின்னவன் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"நம்ம வேகத்துக்குப் பயந்து அவரே இறங்கி, பின்னாடியே ஓடி வந்தாருண்ணே!"