கோட்டா

“கோட்டா எங்கங்க? கொண்டாரலையா?”

கல்லூரிக் கண்காணிப்பாளர் குப்புராஜ் இப்படி வாய்விட்டே கேட்பார் என்று மதலைமுத்து எதிர்பார்க்கவில்லை. அவருக்குச் சுருக்கென்றது. கல்லூரியில் சேர அவரோடு வந்திருந்த பூவரசன் தலையைக் குனிந்துகொண்டான்.

பட்டாளத்திலிருந்து வந்தவனிடம் ஒருவர் கோட்டா கேட்டால் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான். மிலிட்டரி கேன்டீனில் மாதாமாதம் கிடைக்கும் ரம் பாட்டில். கல்யாண வீடோ கருமாதியோ, ரிட்டயர்டு சுபேதார் மதலைமுத்துவிடம் அதைக் கேட்காத ஆள் கிடையாது. அவரோ இன்றுவரை ஒரு பாட்டில்கூட வாங்கியதில்லை. குடியும் ஆகாது, லஞ்சமும் ஆகாது. தோட்டத்துக் கரண்ட் கனெக்‌ஷனுக்கு ஒரு பைசா தரமாட்டேன் என்று வருஷக்கணக்கில் நடையாய் நடந்த மனுஷர்.

“உங்க தலைக்கு மேல போர்டு மாட்டியிருக்காங்களே, அதைப் படிக்கறதே இல்லீங்களா?” என்று கேட்டேவிட்டார்.

லஞ்ச ஒழிப்பு போர்டு அது. குப்புராஜ் திரும்பிப் பார்ப்பதற்குள் போன் அடித்தது.

“நாளைக்குச் சாயந்திரத்தோட அட்மிஷன் முடியுதுங்க. பட்டாளத்துக்காரங்களுக்குன்னு இருக்கறது ஒரே ஒரு சீட்டு. கோட்டா இல்லாம என்னால ஒண்ணும் பண்ண முடியாது. காலையில கொண்டாந்துருங்க” என்று சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் மதலைமுத்து பொரிந்து தள்ளினார். எல்லையைக் காத்துவிட்டு வந்தவன் படிக்க வந்தால் அதற்கும் பாட்டிலா, இந்த ஆளெல்லாம் சோறுதான் தின்கிறானா என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் திட்டிக்கொண்டே நடந்தார்.

பூவரசன் பின்னாலேயே நடந்தான். பிளஸ் டூ முடித்ததும் குடும்பத்துக்காகப் பட்டாளத்துக்குப் போனவன் அவன். வாத்தியாராக வேண்டும் என்ற ஆசையை அப்போதே மூட்டை கட்டியாயிற்று. திரும்பி வந்தவனுக்குப் பாலக்கோடு தக்காளி மண்டியில் வாட்ச்மேன் வேலைதான் கிடைத்தது. அந்த மூட்டையை அவிழ்த்ததே மதலைமுத்துதான். நமக்கென்று தனியாக இடம் இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது, வந்து சேர் என்று மண்டிக்கே போய் அவனைக் கிளப்பிக்கொண்டு வந்தார். இதற்கு முன் சிலரைத் தபால் வழிப் படிப்பில் சேர்த்துவிட்டிருக்கிறார். நேராகக் கல்லூரிக்கு ஒருவனை அழைத்து வந்தது இதுதான் முதல் தடவை.

“வேணாங்க சாப். எனக்காக நீங்க அதைத் தொட வேணாம். மண்டி வேலையே போதும்” என்றான் பூவரசன்.

அந்த ‘போதும்’தான் அவரைக் குத்தியது.

“நீ சும்மா இரு. உன்னை அந்த கிளாஸுல உக்கார வெச்சுட்டுத்தான் எனக்கு மறுவேலை.”

மறுநாள் விடிந்ததும் கேன்டீன் வரிசையில் போய் நின்றார். தெரிந்தவர்கள் எல்லோரும் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். “சுபேதார் சாபும் ஆரம்பிச்சுட்டாரா” என்று பின்னாலிருந்து ஒருவர் சிரித்தார். மதலைமுத்துவுக்கு மானமே போயிற்று. மாதாவே, இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டு, வாழ்க்கையில் முதல் முறையாகப் பாட்டிலை வாங்கித் துணிப்பையில் போட்டார். வரிசை நகர்ந்து முடியவே மத்தியானம் ஆகிவிட்டது.

மூன்று மணி வாக்கில் இருவரும் மூச்சு வாங்கக் கல்லூரி ஆபீசுக்குள் நுழைந்தார்கள். மதலைமுத்து பையைக் குப்புராஜின் மேசையில் வைத்தார். கொஞ்சம் வேகமாகவே வைத்துவிட்டார். கிணுங் என்றது.

குப்புராஜ் பையைப் பிரித்துப் பார்த்தார்.

“என்னங்க இது?”

“நீங்க கேட்ட கோட்டாதாங்க. வெச்சுக்கங்க. இவனுக்குச் சீட்டைக் குடுங்க.”

குப்புராஜ் பையையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பிறகுதான் குப்புராஜுக்கு விஷயம் விளங்கியது போலிருந்தது. பையை மெல்ல மூடினார்.

“நான் கேட்டது கோட்டா சர்டிபிகேட்டுங்க. இவரு பட்டாளத்துல இருந்தவர்னு முன்னாள் படைவீரர் நல ஆபீசுல ஒண்ணு குடுப்பாங்க. அது இருந்தாத்தான் அந்தச் சீட்டு.”

மதலைமுத்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அட்மிஷன் இன்றோடு சரி. இனிமேல் எங்கே போய், யாரைப் பிடித்து, எப்போது வாங்குவது? தன் அவசர புத்தியால் பூவரசன் பிழைப்பில் மண் விழுந்துவிட்டதே என்று தன்னையே நொந்துகொண்டார். அவன் முகத்தைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

குப்புராஜ் டிராயரைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

“காலையில வருவீங்கன்னு பார்த்தேன். காணோம். இந்த வயசுல படிக்க வந்த மனுஷனுக்குச் சீட்டு போயிடப் போகுதேன்னு, சாப்பாட்டு நேரத்துல நானே வண்டியை எடுத்துக்கிட்டு நல ஆபீசுக்குப் போயிட்டேன். இவரு குடுத்திருந்த நகலையெல்லாம் காட்டினேன், குடுத்துட்டாங்க. பத்திரமா வெச்சுக்கங்க தம்பி, உதவித்தொகைக்கும் இதுதான் வேணும். இப்ப இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

பூவரசன் பேனாவை வாங்கினான். எழுத முடியாமல் ஒரு நிமிஷம் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“சார், நீங்க முதல்ல அந்தப் பையை எடுத்துருங்க” என்றார் குப்புராஜ், தணிந்த குரலில்.

மதலைமுத்து அதை எடுத்து நெஞ்சோடு வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். குப்புராஜின் முகத்தைப் பார்க்கக் கூசியது. பார்வையை அவர் தலைக்கு மேலே உயர்த்தினார்.

‘லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்’ என்றது போர்டு.

நேற்று அவர் கண்ணில் பட்டது ‘வாங்குவதும்’ மட்டும்தான். ‘கொடுப்பதும்’ என்றுதான் முதலில் எழுதியிருந்தார்கள்.