முழுப் பொருத்தம்

"அவன்தான்! சத்தியமா அவன்தான்!"

நிலக்சி போட்ட கூச்சலில் ஆய்வுகூடத்தின் பக்கத்து மேசைக்காரி சுலக்சனா கையிலிருந்த கோப்பியைச் சிந்திவிட்டாள். ஓடிவந்து திரையைப் பார்த்தாள். "ஓ மை காட், ஃபுல் மேட்ச்!" என்று நிலக்சியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மூன்று குளிர்காலமாக நிலக்சி தேடிய அந்த 'அவன்' ஓர் ஓநாய். ரொறன்ரோவுக்கு வடக்கே, நாலு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் காட்டில் ஒரு சிறு கூட்டம் மிஞ்சியிருந்தது. வருசா வருசம் வேட்டையில் குறைந்துபோய், மிஞ்சியவை சொந்தத்துக்குள்ளேயே இணைந்ததில், முதுகெலும்பு வளைந்த குட்டிகள் பிறந்தன. பாதி, பிறந்த கிழமையே செத்தன.

அப்போதுதான் எங்கிருந்தோ அவன் வந்து சேர்ந்தான். புது இரத்தம். அதற்குப் பிறகு காட்டுக் கமராவில் விழுந்த நாலு குட்டிகளும் நேராக நடந்தன.

அவனை நிலக்சி கண்ணால் கண்டதில்லை. முள்ளுக்கம்பியில் சிக்கிய மயிரும், பனியில் கிடந்த மலமும்தான் அவளிடம் வந்து சேர்ந்தன. இரண்டிலும் மரபணு சிதைந்துபோயிருந்தது.

"உது கயோட்டியாயும் இருக்கலாம் எண்டு மேலிடம் சொல்லுது, தங்கச்சி," என்று வனவிலங்குத் துறை அதிகாரி கோணேஸ்வரன் ஒவ்வொரு முறையும் கையை விரித்தார். "ஓநாய் எண்டு நிரூபிச்சால்தான் அங்கை வேட்டையைப் பூட்டலாம். நல்ல சாம்பிள் ஒண்டு தாங்கோ. அண்டைக்கே பூட்டுவிக்கிறன்."

ஓநாயைப் போலவே தோன்றும் சிறு காட்டுநாயான கயோட்டியைச் சுட அங்கே தடையில்லை. தூரத்தில் நின்று குறிபார்க்கிறவனுக்கு இரண்டும் ஒன்றுதான். ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் தன் வீட்டு ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டும்போதெல்லாம் நிலக்சிக்கு அவன் நினைவுதான் வரும். புதுப் பனியில் கால்தடம் பிடித்துப் போவது வேட்டைக்காரருக்குச் சுகம். அவளால் ஜன்னலைச் சாத்தத்தான் முடிந்தது.

போன கிழமை துறையிலிருந்து ஒரு பெட்டி வந்தது. வழக்கம்போலக் குழாய்களில் இலக்கம் மட்டும். ஒன்றில் மட்டும் சிவந்த, புத்தம்புதுச் சதைத்துண்டு.

ஓநாய்களைப் பிடித்துக் கழுத்துப்பட்டி மாட்டும் குழு அந்தப் பக்கம் போயிருந்தது அவளுக்குத் தெரியும். மாட்டும்போது காதில் ஒரு துணுக்கு வெட்டிக்கொண்டு, மிருகத்தை விட்டுவிடுவார்கள்.

"காது எண்டால் இவ்வளவு தடிப்பா இருக்குமோ?" என்று சுலக்சனா குழாயைத் தூக்கிப் பார்த்தாள்.

"ஆள் பெரியவன்தானே," என்று நிலக்சி சிரித்தாள்.

இப்போது திரையில், பழைய மயிரில் மிஞ்சியிருந்த மரபணுவோடு ஒரு கோடுகூடப் பிசகவில்லை; குட்டிகளுடையதும் அவனோடு பொருந்தியது. அவள் உடனே கோணேஸ்வரனை அழைத்தாள்.

"அண்ணை, நிலக்சி கதைக்கிறன். ஆள் கிடைச்சிட்டான்! கயோட்டி இல்லை, அசல் ஓநாய். அந்த நாலு குட்டியளின்ரை தகப்பனும் அவன்தான். இனி ஒருத்தரும் மறுக்கேலாது."

"உண்மையாவோ!" அவர் குரலும் துள்ளியது. "அப்ப இண்டைக்கே பூட்டுவிக்கிறன். நம்பரைச் சொல்லுங்கோ, தங்கச்சி."

சொன்னாள். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அண்ணை, லைனிலை நிக்கிறியளோ? பட்டி மாட்டியாச்சுத்தானே? இப்ப ஆள் எந்தப் பக்கம் நிக்கிறான்?"

"அது காதில்லை, தங்கச்சி. சுட்டவர் கொண்டுவந்து தந்த நாக்கு."