அர்ச்சனைக்கு ஒரு பெயர்

ஈரல் சோதனைக்காக டாக்டர் ஜெயப்ரியா காட்டிய இரண்டு கண்ணாடித் துண்டுகளில் ஒன்று பழுப்பாக இருந்தது. மாதேஸ்வரிக்கு உயிரே போயிற்று.

"என் ஈரல் புற்றுநோயா மாறுதா டாக்டர்?"

"அட, நீலமா இருக்கிறதுதான் உங்களுது! கெட்ட மாற்றம் இருந்தா, நாங்க ஊத்துற ஆன்டிபாடிங்கிற சோதனை மருந்து பழுப்பாக்கிடும். அது சரியா வேலை செய்யுதான்னு ஒப்பிட்டுப் பார்க்க, ஈரல் புற்றுநோய் ஆபரேஷன்ல குணமான ஒருத்தர் மனசாரக் கொடுத்த ஈரல் துண்டுதான் அந்தப் பழுப்பு. உங்களுக்கு ஒண்ணுமில்ல!"

மாதேஸ்வரி குதித்தாள். "அந்தப் புண்ணியவானுக்கு இப்பவே அர்ச்சனை பண்ணணும். பேர் என்ன?"

"சொல்லக் கூடாதுங்க."

துணைக்கு உள்ளே வந்து எல்லாவற்றையும் கேட்டிருந்த ஆட்டோக்காரரே ஓசூர் மலைக்கோயிலுக்கும் ஓட்டினார்.

"பேர், நட்சத்திரம்?" என்றார் அர்ச்சகர். "ஈரல் கொடுத்தவர் பேர் தெரியாதே சாமி!" என்றாள் மாதேஸ்வரி.

ஆட்டோக்காரர் வயிற்றில் இருந்த ஆபரேஷன் தழும்பைத் தடவியபடி கூச்சத்தோடு சொன்னார்:

"திம்மப்பன், ரோகிணி, சாமி."