நேரா போற கார்

தையக்காரர் வெச்சிருக்கிற டேப்பால நீங்க என்னிக்காவது கார் டயரை அளந்து பாத்திருக்கீங்களா?

நடீன் கல்யாணம் ஆன நாள்லேருந்து அதைத்தான் பண்றா. அமெரிக்காவுல, ஃபோர்ட் வெய்ன்ல ஜனவரி மாசம் வெளியில பனி கொட்டும். உள்ள, பெரிய கண்காட்சி மண்டபத்துல, சிமெண்ட் தரையில, குட்டிக் குட்டிப் பந்தயக் காருங்க வட்டமடிக்கும். எப்பவும் இடது பக்கம்தான் திரும்பணும். அதுக்காக பின்னாடி வலது டயரு கொஞ்சம் பெருசா, இடது டயரு கொஞ்சம் சிறுசா இருக்கணும்.

அந்த வெள்ளிக்கிழமையும் மண்டி போட்டு அளந்தா. டயருக்குப் பிடிமானம் கிடைக்கட்டும்னு தரையெல்லாம் கோலா பாகு ஊத்தியிருந்தாங்க. எழுந்திரிக்கும்போது முட்டி பிசுக்குன்னு ஒட்டிக்கிச்சு.

"டயரை அளந்தியா?"ன்னு கேட்டாரு அவ புருஷன் வெர்லின்.

"அளந்துட்டேன்."

டிசம்பர் மாசம் வேற ஊர் பந்தயத்துல இவரு கார் குட்டிக்கரணம் போட்டு, ஹெல்மெட்டே பொளந்துடுச்சு. இன்னொரு அடி தலை தாங்காது, இதோட நிறுத்திக்கன்னு டாக்டர் சொன்னாரு. "அந்தாளு ஓட்டுறது குடும்ப வேனு. அவனுக்கு என்ன தெரியும்?"னுட்டாரு வெர்லின்.

நடீன் அழுது, சண்டை போட்டு, சோறு பொங்காமக் கிடந்து, கடைசியில ஒரு வாக்கு வாங்கினா. இந்த வெள்ளி, சனி ரெண்டு நாள்ல ஒரு நாளாவது பெரிய ஓட்டத்துக்குத் தகுதி கிடைச்சாகணும். கிடைக்கலேன்னா காரைக் கூட்டாளி கஸ்கிட்ட குடுத்துட்டு, இனிமே ஓட்டவே மாட்டாரு.

வெள்ளிக்கிழமை முதல் வளைவுலயே தெரிஞ்சுபோச்சு. வெர்லின் ஸ்டியரிங்கை மொத்தமா ஒடிக்கிறாரு, காரு பாட்டுக்கு செவுத்தைப் பாத்துப் போகுது. உள்பக்கமா ஒவ்வொருத்தனா பூந்து முந்திட்டான். இவரு கடைசி.

"யோவ் கிழவா!" கஸ் கம்பித் தடுப்பைப் பிடிச்சுக்கிட்டு கத்தினான். "வளைவு இங்க இருக்குய்யா! நீ எங்க, பக்கத்து மாநிலம் ஒஹாயோவுக்கா போற?"

"உன் மூஞ்சியைப் பாக்க சகிக்காமத்தான் நேரா போறேன்!"ன்னாரு வெர்லின், காரை விட்டு இறங்கினதும்.

அன்னிக்கு ஸ்பிரிங்கை மாத்திப் பாத்தாரு. சனிக்கிழமை ஸ்டியரிங் பெட்டியையே கழட்டி மாட்டினாரு. ஒண்ணும் வேலைக்காகல. மத்தியானத்துக்குள்ள மண்டபம் பூரா புகை. எல்லாருக்கும் கண்ணு செவந்து, தலை கனத்துப் போய்க் கிடந்துச்சு.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு கடைசி வாய்ப்பு ஓட்டம். அதுல முதல் ரெண்டு பேருக்குத்தான் பெரிய ஓட்டத்துல இடம்.

"டயரை அளந்தியா?"

"அளந்துட்டேன்."

வெர்லின் புது ஹெல்மெட்டை மாட்டினாரு. கையுறையை இழுத்து விட்டுக்கிட்டாரு. அவளை நிமிந்து பாத்தாரு.

"நடீன், டயரை அளந்தியா?"

அவ டேப்பைப் பைக்குள்ள திணிச்சா. சந்தேகப்படுறாரோ? "இப்பத்தானே சொன்னேன், அளந்துட்டேன்னு. போங்க, கூப்புடுறாங்க."

பின்னாலேருந்து வண்டி தள்ளிவிட, காரு உறுமிக்கிட்டு கிளம்புச்சு. முதல் வளைவு, நேரா போச்சு. ரெண்டாவது வளைவு, அதே கதை. கொடி விழறப்போ வெர்லினுக்குப் பின்னாடி ஒருத்தரும் இல்ல.

காரை விட்டு இறங்கி, கவுத்துப் போட்ட வாளி மேல உக்காந்தாரு. பாகு ஒட்டின பூட்ஸைக் கழட்டினாரு.

"காருல கோளாறு ஒண்ணும் இல்ல நடீன். எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேனே. எனக்குத்தான் ஓட்டுற கை போயிடுச்சு."

அவ கீழ கிடந்த ஸ்பேனருங்களைப் பொறுக்கிப் பெட்டியில போட்டா.

"சொன்னா சொன்னதுதான்," வெர்லின் முகத்தைத் துடைச்சுக்கிட்டாரு. "கஸ்ஸைக் கூப்பிடு. எடுத்துட்டுப் போகட்டும்."

கஸ் வந்தான். அந்த நேரத்துல அவன் வாயிலயும் கிண்டல் வரல. காரைத் தன்னோட டிரெய்லருக்குத் தள்ளிக்கிட்டுப் போனவன், பாதி வழியில நின்னுட்டான். நடீனைத் தனியா கூப்பிட்டான்.

"கையால தள்ளினா இந்தக் காரு இடது பக்கமா இழுத்துக்கிட்டு ஓடணும். இது என்னடான்னா ரயிலு மாதிரி நேரா வருது. பின்னாடி ரெண்டு டயரும் ஒரே அளவா?"

"ஒரே அளவுதான். பாத்துப் பாத்து அளந்து நான்தான் போட்டேன்."

"அடிப்பாவி! தனக்குக் கை போச்சுன்னு அங்க உக்காந்து அழுவுறானே அந்த மனுஷன்!"

"அழட்டும். உசுரோட அழட்டும். எல்லாருக்கும் பின்னாடி மெதுவா ஓடினா எவனும் வந்து மோத மாட்டான்ல? நீ வாயைத் திறந்துடாத கஸ்."

காலி டிரெய்லரை இழுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தாங்க. அந்த விபத்துக்கு அப்புறம் நடீன் நிம்மதியா தூங்கினது அன்னிக்குத்தான்.

மறுநாள் காலையில பக்கத்துல படுக்கை காலியா இருந்துச்சு. ஷெட்டுல விளக்கு எரிஞ்சுது. வெர்லின் பந்தய உடுப்பைப் போட்டுக்கிட்டு, ஹெல்மெட்டைக் கையில வெச்சுக்கிட்டு, வெறும் தரையைப் பாத்து நின்னுக்கிட்டிருந்தாரு.

"போலீஸுக்குப் போன் போடு நடீன், எவனோ நம்ம காரைத் தூக்கிட்டான்! இன்னிக்கு வெள்ளிக்கிழமையாச்சே, சாயங்காலம் முதல் ஓட்டம் இருக்கே!"