கைதட்டியவன்

கைதட்டியவனின் கன்னத்தில் முதல் அறையைத் தலைவர்தான் விட்டார். விட்ட வேகத்தில் அந்த ஆள் நாற்காலியோடு சாய்ந்து, மெக்கானிக்கின் டயர் அடுக்கில் போய் மோதினான்.

“இந்தப் படத்துக்கா கைதட்டுற? யாரை நக்கல் பண்ற?” தலைவருக்கு மூச்சு வாங்கியது.

தலைவர் என்றால், புயல்காரன் வாசகர் மன்றத்தின் தலைவர். புயல்காரன் கதாநாயகனாக வரும் அறுபத்திரண்டு பாக்கெட் நாவல்களையும் கரைத்துக் குடித்தவர். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் புயல்காரனைச் சினிமாவாக எடுத்துக் குட்டிச்சுவராக்கிவிட்டார்கள். படம் வெளியான தேதியில், வருடா வருடம், மெக்கானிக்கின் ஒர்க்‌ஷாப்பில் பட்டப்பகலிலேயே ஷட்டரை இறக்கி, சுவரில் அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்து வாயார வைவது மன்றத்தின் வழக்கம்.

இந்த வருடம் வந்தது மூன்றே பேர். தலைவர், மெக்கானிக், ஆஸ்பத்திரி நர்ஸ். நான்காவதாக, வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு, ஷட்டரிலிருந்த சின்னக் கதவு வழியாக நுழைந்தவன்தான் இந்தக் குண்டு ஆள்.

படம் ஓடிய நேரமெல்லாம் வழக்கம்போலத்தான் போனது. நர்ஸ் நாவலை மடியில் விரித்து வைத்துக்கொண்டு தப்புகளை எண்ணினாள். ஒவ்வொரு ஷாட்டும் மாறுவதற்கு ஒரு நொடி முன்னால் தலைவரின் ஆள்காட்டி விரல் தானாக உயர்ந்தது. “தலைவருக்குப் படமே மனப்பாடம்!” என்று மெக்கானிக் சிரித்தான்.

கடைசிக் காட்சி வந்தது. நாவலில், பிடிபட்ட கூட்டாளியின் கைமேல் கோடரி இறங்கும்போது, புயல்காரன் தன் கையை நீட்டி அந்த வெட்டை வாங்கிக்கொள்வான். படத்திலோ கூட்டாளியை அம்போவென்று விட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் குதித்து ஓடுகிறான். மெக்கானிக் செருப்பைக் கழற்றிச் சுவரில் எறிந்தான். அப்போதுதான் பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. அதற்குத்தான் அந்த அறை.

“இதுக்குக் கைதட்டுறவன் உலகத்துலயே ஒருத்தன்தான் இருக்க முடியும்ணே,” என்றாள் நர்ஸ். “படத்தை எடுத்தவன்!”

மெக்கானிக்குக்கும் அது சரியென்றே பட்டது. நான்காம் நாளே படத்தைத் தியேட்டரிலிருந்து தூக்கினார்கள். அன்றைக்கே இயக்குநரும் தலைமறைவு. அவர் முகத்தை ஒரு பத்திரிகைகூடப் போட்டதில்லை.

ஆளை நிமிர்த்தி, பழைய ஃபேன் பெல்ட்டால் நாற்காலியோடு கட்டினார்கள். மெக்கானிக் விட்ட குத்தில் ஒரு பல் தெறித்துத் தரையிலிருந்த கிரீஸில் விழுந்தது.

“நான் ஹோட்டல்ல லிஃப்ட் ஓட்டுறவங்க! பாக்கெட்ல அடையாள அட்டை இருக்கு, பாருங்க!”

மெக்கானிக் பார்த்தான், தூக்கி எறிந்தான். “பேரை மாத்திக்கிட்டு ஒளிஞ்சிருக்கான். அப்புறம் எதுக்குடா கைதட்டின?”

“பிடிச்சிருந்துச்சுங்க.”

இன்னொரு குத்து. மூக்கிலிருந்து ரத்தம் சட்டை முழுக்க வழிந்தது.

“நெஜமாத்தாங்க! எல்லாக் கதையிலயும் ஹீரோ பயப்படவே மாட்டான். இவன் பயந்து ஓடுறான். நானும் பயந்தாங்கொள்ளிங்க. அதனால பிடிச்சிருந்துச்சு. அன்னைக்குத் தியேட்டர்லயும் நான் ஒருத்தன்தான் கைதட்டினேன்.”

தலைவரின் முகம் வெளிறிப்போனது. “போதும் தம்பி. அவிழ்த்து விட்டுடு.”

“என்ன தலைவரே இது? அந்த ஆளு கிடைச்சா, படம் எடுத்த கையை உடைக்கணும்னு வருஷா வருஷம் சொல்றது நீங்கதானே?” மெக்கானிக் மூலையில் கிடந்த சம்மட்டியை எடுத்தான்.

போன வருடம்கூட அவர் அதைத்தான் சொன்னார், அதுவும் கண்ணில் நீர் வரச் சொன்னார்.

நர்ஸ் லிஃப்ட்காரனின் வலது கையை மட்டும் அவிழ்த்து, பட்டறை மேசைமேல் இழுத்து வைத்தாள். மணிக்கட்டுக்குக் கீழே விரலால் தட்டிக் காட்டினாள். “இங்க போடுங்கண்ணே. ஆயுசுக்கும் எலும்பு சேராது.” ஊசி போடும்போதும் அவள் குரல் இப்படித்தான் இருக்கும்.

“ஐயோ, பட்டன் அமுக்குற கைங்க இது! வேலை போயிடுங்க!” லிஃப்ட்காரன் தலைவரைப் பார்த்துக் கதறினான். “நீங்களாச்சும் சொல்லுங்கய்யா!”

தலைவர் வாசல் பக்கம் திரும்பினார். ஷட்டரின் சின்னக் கதவு திறந்துதான் கிடந்தது. நாலு எட்டு வைத்தால் தெரு. அவர் அந்தக் கதவையே பார்த்தார்.

மெக்கானிக் சம்மட்டியைத் தலைக்குமேல் ஓங்கினான். நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சம்மட்டி இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் தகரக் கூரைவரை கேட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அலறிய லிஃப்ட்காரனுக்கு, அலறி முடித்த பிறகுதான் தனக்கு எங்கும் புதிதாக வலிக்கவில்லை என்பது தெரிந்தது. யாரோ அவன் கையைத் தள்ளிவிட்டிருந்தார்கள்.

அந்த இடத்தில் தலைவரின் கை கிடந்தது. மேசை விளிம்பிலிருந்து ரத்தம் சொட்டியது.

“தலைவரே!” மெக்கானிக் சம்மட்டியைக் கீழே போட்டான். “அந்தப் பாவிக்காக எதுக்கு உங்க கையைக் கொடுத்தீங்க?”

தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு லிஃப்ட்காரனை ஒரு தரம் பார்த்தார். பிறகு, உடைந்த கையை மறு கையால் தூக்கி அவர்கள் இருவருக்கும் காட்டினார்.

“அந்தப் படத்தை எடுத்தது இந்தக் கைதான்.”