நாற்பது பேர் நின்ற படம்

தூத்துக்குடி பழைய துறைமுகத்தைப் பார்த்துவிட்டு மாதா கோயில் வாசலில் இறங்கியதும், போர்மேன் வேலுச்சாமி மூன்றாம் முறையாகத் தலைகளை எண்ணினார்.

"ஆரு என்ன கேட்டாலும் வாயத் திறக்காதீக!"

"டூர் கூட்டியாந்துட்டு ஏண்ணே வெரட்டுறீக?" என்ற பானுப்பிரியா, மனைவி மக்களோடு நின்ற ஒருவரிடம் கைபேசியை நீட்டினாள். "சார், எங்க எல்லாரையும் ஒரு போட்டோ எடுங்க."

அவர் எடுத்தார். "எத்தனை பேரும்மா?"

"நாப்பது பேரு சார். தாயில்பட்டி பட்டாசுக் கம்பெனி" என்றவள் கம்பெனி பெயரையும் சொல்லிவிட்டாள். வேலுச்சாமி அவளைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

அந்நேரம் முதலாளி போனில் வந்தார். "ஏலே வேலு, இன்னைக்கு ஆய்வு இல்லையாம். புதுசா வந்த ஆபீசர் லீவு போட்டுக் குடும்பத்தோட டூர் போயிட்டாராம். ஆளுகளக் கூட்டிட்டு வந்துரு."

வேலுச்சாமிக்கு இப்போதுதான் மூச்சு வந்தது.

படமெடுத்தவர் கைபேசியைத் திருப்பித் தந்தார்.

"நாப்பது பேரா? எங்க ஆபீசுக்குப் பதினாறுன்னுல்ல எழுதிக் குடுத்திருக்கீங்க!"